நூல் சுற்றிய மோதிரம்: முதியோர் இல்லத்தில் காசநோயைத் தேடிய அனுபவம்

2022ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு காலை, எங்கள் முதியோர் இல்லத்தில் தங்கியிருந்த 81 வயது ஆயாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மோதிரத்தின் உட்புறத்தில் வெள்ளை நூல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருப்பதைக் கண்டேன். யார் சுற்றியது என்று கேட்டேன். அவரைக் குளிப்பாட்டும் பணிப்பெண்தான் சுற்றிவிட்டதாகவும், சோப்பு போடும்போது மோதிரம் இரண்டு முறை கழன்று விழுந்துவிட்டதாகவும் ஆயா சொன்னார். நான் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்த நூலுக்கு என்ன பொருள் என்பது மூன்று வாரம் கழித்து, அவர் குளியலறை வாசலில் விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

நான் தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பு முடித்து, திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தவள். சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ், தெலுங்குக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள். அவர்களில் பலர் அன்றாடம் ஆங்கிலம் பேசினாலும், உடம்பு முடியாமல் போகும்போதும் மனம் குழம்பும்போதும் தாயிடம் கேட்ட தமிழுக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைப் பராமரிக்கும் பணிப்பெண்கள் பெரும்பாலும் ஜூலு மொழி பேசுகிறவர்கள். எல்லாப் பாட்டிமாரையும் ‘கோகோ’ என்று அன்போடு அழைப்பவர்கள். இந்த மொழி விவரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசநோய்ப் பரிசோதனையின் முதல் படியே கேள்வி கேட்பதுதான்.

அந்தக் கேள்விகள் நான்கு. இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா, எடை குறைந்திருக்கிறதா? இந்த நாட்டின் எந்தச் சிகிச்சையகத்திலும் இவற்றைக் கேட்பார்கள். எங்கள் இல்லத்திலும் மாதம் ஒரு முறை ஒவ்வொருவருக்கும் இந்தப் படிவம் நிரப்பப்பட்டது. ஆயாவின் கோப்பில் ஜனவரி முதல் மே வரை ஐந்து படிவங்கள் இருந்தன. ஐந்திலும் நான்கு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. அவற்றில் இரண்டில் இருப்பது என் கையெழுத்து.

ஆயா பொய் சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் அவருக்குச் சளி பிடித்தது. வந்து பார்த்த மருத்துவர் ஐந்து நாளுக்கு ஆண்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார், இருமல் தணிந்தது. மே மாதத் தொடக்கத்தில் மறுபடி வந்தது, வேறொரு ஆண்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது, மறுபடி தணிந்தது. குயினலோன் வகை ஆண்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி வைக்கும். அதனால் நோயாளி தேறிவிட்டதுபோலத் தோன்றி, உண்மையான நோய் வெளிப்படுவது தள்ளிப்போகும் என்பதை நான் படித்திருந்தும், அப்போது அதை நினைத்துப் பார்க்கவில்லை. மேலும், வயதானவர்களின் இருமலுக்கு வலு இருப்பதில்லை. வந்த கோழையைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். நான்கு பேர் நடுவில் துப்புவது அசிங்கம் என்று வளர்க்கப்பட்ட பெண்கள் அவர்கள். ஆயா சேலைத் தலைப்பை வாயில் பொத்தி இரண்டு முறை கனைப்பார். அதை இருமல் என்று எங்களில் யாரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

காய்ச்சலும் அப்படித்தான். முதுமையில் உடல் சூடேறுவது குறைவு. கடும் தொற்று இருந்தும் வெப்பமானியில் 37ஐத் தாண்டாதவர்களைப் பார்த்திருக்கிறேன். முதியவர்களிடம் காசநோய் பல நேரங்களில் வேறு வேடங்களில் வரும்: சாப்பாட்டில் மனம் செல்லாமை, திடீர்க் குழப்பம், நடை தளர்தல், அடிக்கடி விழுதல். இவை ஒவ்வொன்றையும் நாம் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆயாவும் அதையேதான் சொன்னார்: “ஒண்ணும் இல்லம்மா, வயசாச்சு.”

அவர் விழுந்த அன்று இடுப்பு எலும்பைப் பார்ப்பதற்காகத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், அவருடைய தோள்பட்டைக் குழிகளைப் பார்த்துவிட்டு மார்பையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். வலது நுரையீரலின் மேற்பகுதியில் குழி விழுந்திருந்தது. கோழையை ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் சோதித்ததில் காசநோய்க் கிருமி உறுதியானது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை அந்தக் கிருமி எதிர்த்து நிற்கவில்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. இந்தக் கருவி 2011 முதல் தென்னாப்பிரிக்காவில் புழக்கத்தில் உள்ளது. மாதிரி கருவிக்குள் போன பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தந்துவிடும். ஐந்து மாதம் நாங்கள் அறியாததை அது இரண்டு மணி நேரத்தில் சொன்னது.

அன்று மாலை நான் செய்த முதல் வேலை எடைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்ததுதான். அதில் ஆயாவின் எடை ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. ஜனவரியில் 46 கிலோ. பிப்ரவரியில் எடைக் கருவியின் பேட்டரி தீர்ந்துபோனதால் ஒன்றுமில்லை. மார்ச்சில் 43.5, ஏப்ரலில் 42, மே மாதம் 39.5. ஆறரைக் கிலோ, அதாவது உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு, எங்கள் கையெழுத்திலேயே கரைந்துபோயிருந்தது. ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? அந்தக் குறிப்பேட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் இல்லத்திலுள்ள அத்தனை பேரின் பெயரும் அந்த மாத எடையும் இருக்கும். எழுதுகிறவர் அந்த மாதத்து எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போவார். சென்ற மாதத்து எண்ணைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டி, 60க்கும் மேற்பட்ட பெயர்களுக்கிடையே தேட வேண்டும். யாரும் தேடவில்லை. ‘எடை குறைந்திருக்கிறதா’ என்ற கேள்வியை ஆயாவிடம் கேட்டோமே தவிர, விடை தெரிந்த குறிப்பேட்டிடம் கேட்கவில்லை.

மறுநாளே அந்தக் குறிப்பேட்டை மாற்றினோம். இப்போது ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் 12 மாதம். முதல் வரியில் அவர் இல்லத்துக்கு வந்த நாளின் எடையைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு எண்ணிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று கழித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து விழுக்காடு குறைந்தால் காரணம் தெரியும்வரை விடுவதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். நிற்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியோடு சேர்த்து எடை பார்த்து, நாற்காலியின் எடையைக் கழிக்கிறோம். அதற்காக ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அதன் எடையைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கிறோம். முதியோர் இல்லத்தில் காசநோயைத் தேட என்ன வாங்கலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால், நல்ல எடைக் கருவி ஒன்றும் அதற்கு இரண்டு ஜோடி மாற்று பேட்டரியும் வாங்குங்கள் என்பேன். ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரை அவருடைய சென்ற மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி கேட்கும் முறையையும் மாற்றினோம். ‘இரவில் வியர்க்கிறதா’ என்று முதியவரிடம் கேட்டால் டர்பன் வெக்கையில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்பார்கள். தலையணை உறையை யாருக்காவது அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதா என்று சலவைக்காரப் பெண்ணிடம் கேட்டால் உடனே பெயர் சொல்கிறார். யாருடைய தட்டு மீதியோடு திரும்பி வருகிறது என்பது சமையல்காரருக்குத் தெரியும். ஆயாவுக்கு மோதிரத்தில் நூல் சுற்றிய பணிப்பெண், ‘கோகோ சாப்பிடுவதில்லை’ என்று ஏப்ரல் மாதத்திலேயே இரவுப் பணிக் குறிப்பில் மூன்று முறை எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு ஒரு கோப்பில், காசநோய்ப் படிவம் இன்னொரு கோப்பில். நோயை முதலில் கண்டவர் அவர்தான். எங்கள் ஏற்பாட்டில் அவர் கண்டதற்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இப்போது படிவத்தை நிரப்பும்போது அந்தப் பணிப்பெண்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

ஆயாவுக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு எழுந்தபோது, சில குடும்பத்தினர் உடனே பணிப்பெண்களை நோக்கி விரல் நீட்டினார்கள். டாக்ஸி என்று இங்கே சொல்லப்படும் சிறு வேன்களில் நெருக்கியடித்து வருகிறார்கள், அவர்கள்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்றார்கள். பணியாளர் அனைவருக்கும் சோதனை செய்தோம். ஒருவருக்கும் நோய் இல்லை. சிகிச்சை தொடங்கித் தெளிவு திரும்பிய பிறகு ஆயா தன் இளமையைப் பற்றிச் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது மாகசின் பாரக்ஸில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில். ஒரே அறையில் எட்டுப் பேர். அவருடைய மூத்த அண்ணனுக்கு டி.பி. வந்து, நியூலாண்ட்ஸில் இந்தியக் காசநோயாளிகளுக்கென்று 1940களில் தோன்றிய ஃபோசா குடியிருப்பில் இருந்திருக்கிறார். கம்பி வேலிக்கு வெளியே நின்று அண்ணனைப் பார்த்துக் கையசைத்தது ஆயாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது உடம்பில் புகுந்த கிருமி 70 ஆண்டு உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் குன்றிய முதுமையில் எழுந்திருக்கலாம். அண்மையில் யாரிடமிருந்தாவது தொற்றியிருக்கவும் கூடும். எது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால், சேர்க்கைப் படிவத்தில் ‘உங்கள் வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்ததா’ என்ற கேள்வி எங்களிடம் இல்லை. இப்போது இருக்கிறது. அதைத் தமிழிலும் கேட்கிறோம். சில தாத்தாக்களுக்கு ‘காசநோய்’ என்றால் புரிவதில்லை, ‘டி.பி.’ என்றாலும் ‘எலும்புருக்கி’ என்றாலும் புரிகிறது.

அடுத்து, உடனிருந்தவர்களைச் சோதிக்கும் பெரிய வேலை. தொலைக்காட்சி அறையில் ஐந்து மாதம் ஆயாவோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே. மாவட்டக் காசநோய்ப் பிரிவுக்குத் தெரிவித்தோம். இந்த நாட்டில் காசநோய் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அறிகுறிக் கேள்விகளோடு நிறுத்திவிடலாம் என்று நிர்வாகத்தில் சிலர் கருதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் முதலாவது தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு 2018ஐ மையமாகக் கொண்டு நடந்து, அதன் முடிவுகள் 2021இல் வெளியாகியிருந்தன. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 852 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் எந்த அறிகுறியும் இல்லை என்று சொன்னவர்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது எக்ஸ்ரே மட்டுமே. நோய் மிகுதியாக இருந்த வயதுப் பிரிவுகளில் 65க்கு மேற்பட்டவர்களும் அடக்கம். கேள்வியை மட்டும் நம்பினால் பாதிப் பேரை விட்டுவிடுவோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே மார்பு எக்ஸ்ரேவுக்கு ஏற்பாடு செய்தோம். சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஒரே வண்டியில், நாளுக்கு நான்கு பேராக அழைத்துச் சென்றோம். முதியவர்களின் எக்ஸ்ரேவில் பழைய தழும்புகள் பல தெரியும் என்பதால் அது மட்டுமே முடிவாகாது. ஐயம் எழுந்தவர்களிடம் கோழை மாதிரி எடுக்க வேண்டும்.

கோழை எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களுடைய முதல் மாதிரிகளில் பாதி வெறும் எச்சில். விடியற்காலையில், சாப்பிடும் முன்பு எடுப்பதே நல்லது. இரவெல்லாம் சேர்ந்தது அப்போதுதான் வரும். பல்செட்டைக் கழற்றி, வெறும் தண்ணீரால் வாய் கொப்புளிக்கச் செய்து, நிமிர்ந்து உட்கார வைத்து, மூச்சை ஆழமாக இழுத்து இரண்டு முறை விடச் சொல்லி, மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்ல வேண்டும். குளியலறையிலோ மூடிய அறையிலோ ஒருபோதும் கூடாது. நாங்கள் கிழக்குப் பார்த்த வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு, மற்றவர் பார்வை படாமல் ஒரு திரை கட்டினோம். அந்தத் திரை கட்டிய நாளிலிருந்துதான் பெண்களிடமிருந்து நல்ல மாதிரி கிடைத்தது. செவிலியர் என்95 முகக்கவசம் அணிந்து, காற்று தன் பின்னாலிருந்து வீசும்படி நிற்க வேண்டும். பெயரைக் குப்பியின் மூடியில் எழுதாமல் குப்பியின் உடலில் எழுத வேண்டும், ஆய்வகத்தில் மூடி தனியாகப் போய்விடும். அன்றே அனுப்ப முடியாவிட்டால் குளிரூட்டியில் வைக்க வேண்டும், அதுவும் சாப்பாட்டுக் குளிரூட்டியில் அல்ல.

இப்படித் தேடியதில் இன்னொருவர் அகப்பட்டார். 74 வயதுத் தாத்தா. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, தினமும் காலையில் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்கும். நம் மக்களிடையே சர்க்கரை இல்லாத வீடு அரிது என்பதால் இதைக் குடும்பங்களுக்கு நான் அடிக்கடி சொல்கிறேன். தாத்தாவை எந்தக் கேள்வியும் பிடித்திருக்காது.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டியூபர்குலின் சோதனையைப் பற்றி உறவினர்கள் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் இல்லங்களில் சேரும்போதே அதைச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். நோய் குறைந்த நாடுகளில் அது உதவும். ஆனால் அது கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், நோய் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. முதியவர்களின் தோல் முதல் ஊசிக்கு எதிர்வினை காட்டாமல் போவதுண்டு. அதனால் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை போட்டுப் பார்க்கிறார்கள். ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்த்து, சிவப்பை அளக்காமல் தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். எங்கள் நிலையில் எக்ஸ்ரேவும் கோழையும்தான் முதலில் வேண்டியவை.

இருவருக்கும் ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ரிஃபாம்பிசின் தொடங்கிய மறுநாள் ஆயாவின் சிறுநீர் செம்மஞ்சளாக மாறியதைப் பார்த்து இரத்தம் என்று இரவுப் பணிப்பெண் பயந்துபோனார். முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அதே மருந்து வேறு பல மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும். தாத்தாவுக்கு இரண்டாவது வாரத்தில் சர்க்கரை 18 மில்லிமோலுக்கு (ஏறக்குறைய 325 மி.கி.) ஏறியது, மருத்துவர் மாத்திரையை மாற்றிய பிறகே இறங்கியது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதே கவனம் தேவை. அந்த நான்கு மருந்துகளில் ஒன்றான எத்தாம்பூட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. கண்புரை உள்ளவர்களுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே பார்வையைச் சோதித்து எழுதிவைக்காவிட்டால், பிறகு மங்கியது எதனால் என்று தெரியாது. கல்லீரலையும் கவனிக்க வேண்டும். சாப்பாடு வெறுத்து வாந்தி வந்தால் அதை வயதின் மேல் போடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆயாவைத் தனியறையில் வைத்த முதல் இரண்டு வாரம்தான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. அவர் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்து, கொதிநீரில் ஊறப்போட்டார்கள். ஆனால் ஜூன் மாதக் குளிருக்கு அஞ்சி ஜன்னல்களைச் சாத்திவைத்தார்கள். இந்த நோய் தட்டில் பரவுவதில்லை, காற்றில் பரவுகிறது; அச்சம் தவறான இடத்தில் இருந்தது. எதிரெதிரான இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஆயாவுக்குக் கூடுதலாக ஒரு கம்பளியும் காலுறையும் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பஜனைக் குழுவினர் அவர் ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் அமர்ந்து பாடினார்கள். இப்போது தொலைக்காட்சி அறையின் ஜன்னல்களை மூட முடியாதபடி, ஒரு சாண் இடைவெளிக்குக் கட்டை வைத்து அடித்திருக்கிறோம். குளிர்காலத்தில் அதற்கு எதிர்ப்பு வரத்தான் செய்கிறது.

ஆயாவின் மகள், “வெளியில தெரிஞ்சா எங்க பேர் கெட்டுப்போகும் சிஸ்டர்” என்று அழுதார். பெயரைக் குறிப்பிடாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் கடிதம் அனுப்பினோம். ஆனாலும், காலியான கட்டிலைப் பார்த்து எல்லோரும் ஊகித்துவிட்டார்கள். இதை எப்படித் தடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. மகளிடம், உங்கள் மாமா ஃபோசாவில் இருந்த காலம் வேறு, இன்று மாத்திரை இருக்கிறது, குணமாகும் என்று மட்டும் சொன்னேன். டிசம்பரில் சிகிச்சை முடிந்தபோது ஆயா 44 கிலோ இருந்தார். மோதிரம் இறுக்கிப் பிடித்ததால் மகளே நூலை அவிழ்த்தார்.

இப்போது புதிதாக வருபவர் எவரானாலும், சேரும் முன்பு மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். அதன் பிரதி கோப்பில் இருந்தால் பின்னால் எடுக்கும் படத்தோடு ஒப்பிடலாம். இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. பணியாளருக்கும் அப்படியே, அவர்கள் வேலைக்கு எந்தப் பங்கமும் வராது என்ற எழுத்துபூர்வ உறுதியோடு. கணினியே படத்தைப் படித்து ஐயத்தைக் குறிக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியோடு அது எங்கள் இல்லத்துக்கு வருமானால், கட்டிலை விட்டு இறங்க முடியாதவர்களுக்கும் சோதனை நடக்கும். அதற்காக விண்ணப்பித்திருக்கிறோம். அதுவரை படுக்கையில் இருக்கும் ஒன்பது பேருக்கு எங்களிடம் இருப்பது கைச்சுற்றளவு நாடாவும், அவர்களைக் குளிப்பாட்டுகிறவர்கள் சொல்லும் சொல்லும்தான். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை அந்த ஒன்பது கட்டில்களில் இருந்துதான் நான் வேலையைத் தொடங்குகிறேன்.